எத்தனை பாண்டா என்று முதலில் சொல்லுங்கள்

அறிவியல் செய்தி எழுதுகிறவர்களுக்கும், அதற்குத் தலைப்பு வைக்கிறவர்களுக்கும், அதை வெளியிடும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் எழுத்தைப் பல வருடங்களாக விடாமல் படித்துவரும் ஒரு வாசகி. ஆராய்ச்சியாளர் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபிறகு எனக்குத் தெரிந்த அறிவியலில் பெரும்பகுதி உங்களைப் போன்றவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று விதமான செய்திகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மனித மூளையைப் போலவே யோசிக்கத் தொடங்கிவிட்டது என்று ஒன்று. மூளையில் காதலுக்கு இந்த இடம், பயத்துக்கு அந்த இடம் என்று ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இன்னொன்று. மூன்றாவது பாண்டா: உயிரியல் பூங்காவில் இருக்கும் பாண்டா நாள் முழுக்கத் தின்கிறது, தூங்குகிறது, குட்டி போடுவதில்கூட அதற்கு ஆர்வம் இல்லை, அழிந்துபோவதற்கென்றே பிறந்த விலங்கு என்கிற மாதிரி. என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. இந்த மூன்றாவது வகையில் ஒன்றைப் படித்துவிட்டு, "சித்தி, பாண்டாவுக்கே உயிரோட இருக்கப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த மடலில் வந்து நிற்கிறேன்.

தேடியபோது ஒன்று புரிந்தது. இந்தச் செய்திகள் பெரும்பாலும் பொய் இல்லை. மூல ஆய்வைத் தேடிப் படித்தால் எதை அளந்தார்கள், எத்தனை பேரிடம் அல்லது எத்தனை விலங்கிடம் அளந்தார்கள், அப்போது அது எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம் கைக்கு வந்து சேரும்போது அந்த வரிகள் மட்டும் காணாமல் போயிருக்கின்றன. இடம் போதாது, வாசகருக்கு அலுக்கும் என்று நீங்கள் வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து கேளுங்கள், எங்களுக்கு அலுக்காது. கதையிலேயே ருசியான பகுதி அதுதான்.

ஒரு பாண்டாப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். 2014 டிசம்பரில் இயன் குட்ஃபெல்லோ, ஜோனதன் ஷ்லென்ஸ், கிறிஸ்டியன் செகெடி மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படங்களை அடையாளம் சொல்லும் கூகுள்நெட் என்ற நரம்பு வலையிடம், அதாவது உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ஒரு கணினி நிரலிடம், ஒரு பாண்டாவின் படத்தைக் கொடுத்தார்கள். அது 57.7 சதவீத உறுதியோடு "பாண்டா" என்றது. அப்புறம் அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மிக மிகச் சிறிய மாற்றம் செய்தார்கள். நம் கண்ணுக்கு இரண்டு படமும் ஒன்றுதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அதே வலை இப்போது 99.3 சதவீத உறுதியோடு "கிப்பன் குரங்கு" என்றது. தவறாகச் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், சரியாகச் சொன்னபோது இருந்த உறுதியைவிடத் தவறாகச் சொன்னபோது உறுதி கூடியிருக்கிறது பாருங்கள், என்னைத் தூக்கிவாரிப்போட்டது அதுதான்.

இதைச் செய்தியாகச் சொல்கிறவர்கள் "கொஞ்சம் இரைச்சலை (படத்தில் தாறுமாறான புள்ளி மாற்றங்களை) சேர்த்தால் ஏஐ ஏமாந்துவிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அது கண்மண் தெரியாமல் தூவிய இரைச்சல் இல்லை. எந்தப் புள்ளியை எந்தப் பக்கம் தள்ளினால் வலையின் தவறு மிக வேகமாகக் கூடும் என்று அந்த வலையையே கணக்குப் போட வைத்து, அந்தப் பக்கமாகவே எல்லாப் புள்ளிகளையும் மயிரிழை மயிரிழையாகத் தள்ளினார்கள். ஒவ்வொரு தள்ளலும் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு படத்தில் புள்ளிகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன, அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்தால் கூட்டுத்தொகை பெரிதாகிவிடுகிறது. துளித்துளியாக நிரம்பி அணை உடைகிற மாதிரி. இந்த விளக்கத்தைச் சேர்த்தால் இரண்டே வாக்கியம்தான் கூடும், ஆனால் வாசகருக்கு அந்த வலை எப்படி வேலை செய்கிறது என்பதே கொஞ்சம் புரிந்துவிடும்.

"மனிதக் கண்ணை இப்படி ஏமாற்றவே முடியாது" என்று அடுத்த வரியில் எழுதிவிடாதீர்கள். 2018இல் வெளியான ஒரு ஆய்வில் இதுபோல மாற்றிய படங்களை மனிதர்களுக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம் மட்டும் காட்டினார்கள். அவ்வளவு அவசரத்தில் பார்த்தபோது மனிதர்களின் பதிலும் அந்தத் தவறான பக்கமாகச் சாய்ந்தது. நமக்கு நின்று நிதானமாக மறுபடி பார்க்க நேரம் இருப்பதும் நம் பார்வையின் ஒரு பகுதிதான் போலிருக்கிறது. இன்னொரு பக்கம், 2019இல் வெளியான வேறொரு ஆய்வில் பூனையின் உருவத்துக்கு யானையின் தோலைப் போர்த்திய மாதிரி ஒரு படத்தைக் கொடுத்தார்கள். மனிதர்கள் பூனை என்கிறார்கள், வலை யானை என்கிறது. நாம் வடிவத்தைப் பிடிக்கிறோம், அந்த வகை வலைகள் மேற்பரப்பின் அமைப்பைப் பிடிக்கின்றன. ஒரே விடையைச் சொல்லும் இரண்டு பேர் ஒரே வழியில்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் "மூளையைப் போலவே" என்ற சொல் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது. அதற்கு வேர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 1943இல் வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும் நரம்பணுவை ஒரு சின்னக் கணக்காக எழுதிப் பார்த்தார்கள்: உள்ளே வருவதைக் கூட்டு, ஒரு எல்லையைத் தாண்டினால் வெளியே சொல், இல்லாவிட்டால் சும்மா இரு. பூனையின் மூளையில் பார்வைப் பகுதியை ஹூபல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்டது, 1980இல் ஃபுகுஷிமா அமைத்த வலைக்கு முன்மாதிரி ஆனது. இன்றைய பட வலைகள் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் முன்மாதிரி வேறு, நகல் வேறு. 2021இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், உள்ள ஒரே ஒரு நரம்பணுவின் நடத்தையைக் கணினியில் அப்படியே கொண்டுவர முயன்றபோது, அதற்கே ஐந்து முதல் எட்டு அடுக்குகள் கொண்ட செயற்கை வலை தேவைப்பட்டது. ஒரு நரம்பணுவுக்கே ஒரு வலை! செயற்கை வலையில் "நியூரான்" என்று நாம் எழுதுவதும் தலைக்குள் இருப்பதும் பெயரில்தான் ஒன்று.

இந்த ஆர்வக்கோளாறு இன்று நேற்று வந்ததும் இல்லை. 1958 ஜூலையில் ஃபிராங்க் ரோசன்பிளாட் உருவாக்கிய பெர்செப்ட்ரான் என்ற தொடக்ககாலச் செயற்கை நரம்பு வலையை அமெரிக்கக் கடற்படை பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. அன்று ஐபிஎம் 704 என்ற பெரிய கணினி உண்மையில் செய்துகாட்டியது இதுதான்: அட்டையில் குறி இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்று ஐம்பது முறை பார்த்தபின் தானாகப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டது. நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தியோ, நடக்கும், பேசும், பார்க்கும், எழுதும், தன்னைப் போல் இன்னொன்றைப் படைக்கும், தான் இருப்பதைத் தானே உணரும் ஒரு கணினியின் கரு இது என்று கடற்படை எதிர்பார்ப்பதாகச் சொன்னது. இடம் வலம் பிரித்தது நடந்த சங்கதி, மற்றதெல்லாம் எதிர்பார்ப்பு. இரண்டும் ஒரே பத்தியில், ஒரே குரலில். அந்தச் செய்தியை இன்று எடுத்துப் படித்தால் இடம் வலம் கற்றுக்கொண்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது, ஏனென்றால் யாரும் விதி எழுதிக் கொடுக்காமல் உதாரணங்களிலிருந்தே ஒரு எந்திரம் கற்றது. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாலே போதும், வாய் பிளக்க வைத்திருக்கும்.

சரி, மூளைக்கு வருகிறேன். மனித மூளையில் பத்தாயிரம் கோடி நரம்பணுக்கள் என்று எத்தனை இடத்தில் படித்திருப்போம். பாடப்புத்தகங்களிலும் இருந்தது. பிரேசிலைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ ஹௌசல் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடினார், மூலமே கிடைக்கவில்லை. ஆளாளுக்கு முந்தைய ஆளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதனால் அவரே எண்ணப் புறப்பட்டார், அந்த வழியைத்தான் நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்கிறேன். மூளையில் நரம்பணுக்கள் ஒரே அடர்த்தியில் இல்லை, ஓர் இடத்தில் நெருக்கம், இன்னொரு இடத்தில் கலைவு. ஒரு துண்டை எடுத்து எண்ணிப் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். அவர் மூளைத் திசுவைச் சோப்புத்தன்மை உள்ள கரைசலில் கரைத்தே விட்டார். அணுக்களின் உறை கரைந்து உட்கருக்கள் மட்டும் மிதக்கும். நன்றாகக் கலக்கினால் எங்கே எடுத்தாலும் ஒரே அடர்த்தி. அதில் நரம்பணுவின் உட்கருவுக்கு மட்டும் நிறமேற்றி, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் மொத்தமும் தெரிந்துவிடும்.

இப்படி எண்ணி 2009இல் வந்த விடை சராசரியாக 8,600 கோடி. அதில் ஏறத்தாழ 6,900 கோடி பின்மூளையில் இருக்கும் சிறுமூளையில், யோசிப்பதற்கென்று நாம் நினைக்கும் பெருமூளைப் புறணியில் சுமார் 1,600 கோடிதான். இதைப் படித்தபோது எனக்கு மூளையைப் பற்றிய படமே மாறிப்போனது. அப்புறம் அந்த வரி: எண்ணப்பட்டவை நான்கு மூளைகள், நான்குமே வயது வந்த ஆண்களுடையவை. இதைச் சொன்னால் ஆய்வின் மதிப்பு குறையுமா? என் கண்ணில் கூடியது. நான்கு மூளையை வைத்துக்கொண்டு பல வருட வாய்வழி எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள், இன்னும் எண்ண வேண்டியவை இருக்கின்றன என்பதும் அதிலேயே தெரிகிறது.

ஸ்கேன் செய்திகளைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் படத்தில் சிவப்பாக ஒளிர்வது எண்ணமோ உணர்ச்சியோ இல்லை, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவில் ஏற்பட்ட மாற்றம், அதுவும் சில நொடிகள் தாமதமாக. அந்தப் படத்தின் ஒரு சின்னக் கட்டத்துக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடக்கம். 2009இல் கிரெய்க் பென்னெட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று கேட்கும் வழக்கமான சோதனையை நடத்தினார்கள். மீனின் மூளையில் ஓர் இடம் ஒளிர்ந்தது. மீன் செத்த மீன். ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் சோதித்தால் தற்செயலாகவே சில ஒளிரும், அதற்கான திருத்தத்தைப் போட்டதும் அந்த ஒளி மறைந்துவிட்டது. அந்தத் திருத்தம் ஏன் அவசியம் என்று காட்டத்தான் அதைச் செய்தார்கள். மூளைப் படம் ஒன்றைச் செய்தியோடு போடும்போது, அந்தச் சிவப்பு எதைக் குறிக்கிறது என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள், அவ்வளவுதான்.

மூளையையும் ஏஐயையும் பற்றி இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற மாதிரியே எழுதுகிறீர்கள், ஆனால் இரண்டும் சேர்ந்து நடந்த வேலையைக் காணோம். 2024 மே மாதம் ஹார்வர்டின் ஜெஃப் லிக்ட்மன் குழுவும் கூகுளும் சேர்ந்து மனித மூளையின் ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கை, கடுகைவிடச் சிறியதை, முழுசாக வரைந்து வெளியிட்டார்கள். வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் மூளையிலிருந்து எடுத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களாகச் சீவிப் படம் எடுத்து, எந்த நூல் எந்த நூலின் தொடர்ச்சி என்று ஏஐயை விட்டுப் பின்தொடர வைத்தார்கள். உள்ளே சுமார் 57,000 அணுக்கள், 15 கோடி இணைப்புகள். தரவு மட்டும் 1.4 பெட்டாபைட், அதாவது சுமார் 14 லட்சம் ஜிபி. முழு மூளை இதைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள ஒரு நூற்புழுவின் முழு இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது, ஆனாலும் அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று வரைபடத்தை வைத்து இன்றும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. (அந்தப் பாண்டாப் படத்தில் சேர்த்த மாற்றத்தைத் தனியாக எடுத்துக் காட்டியபோது வலை அதை என்னவென்று சொன்னது தெரியுமா? "நூற்புழு." அதிலாவது உறுதி 8.2 சதவீதம்தான்.)

இப்போது பாண்டா. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகமாகச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் ஒரு விலங்கின் மேல் பழி விழுந்திருக்கிறது.

பாண்டாவுக்கு இனப்பெருக்கத்தில் ஆர்வம் இல்லை என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஏறக்குறைய முழுக்கவும் அடைபட்ட பாண்டாக்களைப் பார்த்து வந்தது. லண்டன் பூங்காவுக்கு 1958இல் வந்த சி-சி என்ற பெண் பாண்டா உலகப் புகழ் பெற்றது. மாஸ்கோவில் இருந்த அன்-அன் என்ற ஆண் பாண்டாவோடு சேர்ப்பதற்காக 1966இல் அதை விமானத்தில் கொண்டுபோனார்கள், 1968இல் அன்-அன்னை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. உலகமே சிரித்தது. குட்டியாக இருந்தபோதிலிருந்து மனிதர்களையே பார்த்து வளர்ந்த விலங்கு அது, இணைக்கு அழைக்கும் சைகையைக்கூடப் பராமரிப்பாளர்களிடம்தான் காட்டியது. தன் இனத்து ஆணை அது பார்த்ததே அபூர்வம். அப்படி ஒரு உயிரை முன்பின் தெரியாத ஓர் ஆணோடு, முன்பின் தெரியாத இடத்தில், கேமராக்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஆர்வம் இல்லை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

காட்டில் கதை வேறு. 1980களில் சீனாவின் வோலோங்கில் காட்டுயிர் ஆய்வாளர்கள் ஜார்ஜ் ஷாலரும் ஹூ ஜின்சூவும் செய்த ஆய்வுகள், சின்லிங் மலையில் பான் வென்ஷி குழு வருடக்கணக்கில் செய்த ஆய்வுகள் எல்லாம் இருக்கின்றன. பெண் பாண்டா வருடத்தில் ஒரே ஒரு முறை, வசந்த காலத்தில், ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரைதான் கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் வாசனையைப் பிடித்துக்கொண்டு பல ஆண்கள் வந்து சேருகின்றன, கத்துகின்றன, சண்டை போடுகின்றன. பெண் பாண்டா இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி என்று வளர்த்துவிடுகிறது. பிறக்கும்போது குட்டி சுமார் நூறு கிராம், தாயின் எடையில் ஏறத்தாழ 900இல் ஒரு பங்கு, அதை மாதக்கணக்கில் கூடவே வைத்துக் காப்பாற்றுகிறது. ஆர்வம் இல்லாத விலங்கு செய்கிற காரியமா இது?

அடைபட்ட நிலையிலும் கேள்வியை மாற்றிக் கேட்டவர்களுக்கு வேறு பதில் கிடைத்தது. முன்பெல்லாம் மரபணுப் பொருத்தம் பார்த்து இந்தப் பெண்ணுக்கு இந்த ஆண் என்று மனிதர்களே தீர்மானித்தார்கள். மேகன் மார்ட்டின் வின்டிலும் அவரோடு வேலை செய்தவர்களும் சீனாவின் பிஃபெங்ஷியா பாண்டா மையத்தில் ஒரு பாண்டாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு துணைகளை வைத்து, எது எதை விரும்புகிறது என்று முதலில் பார்த்தார்கள். தனக்குப் பிடித்ததோடு விட்டபோது சேர்க்கையும் குட்டிகளும் கூடின, இரண்டுக்குமே ஒன்றையொன்று பிடித்திருந்தபோது மிக அதிகமாகக் கூடின. 2015இல் வெளியானது. ஆக, அதற்கு விருப்பம் இல்லாமல் இல்லை, விருப்பம் என்ன என்று அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. பிடித்த துணை, இரட்டைக் குட்டிகளில் தாய் கைவிடும் ஒன்றை மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றும் முறை, செயற்கைக் கருவூட்டல் என்று பலதும் சேர்ந்து, இன்று உலகம் முழுவதும் மனிதப் பராமரிப்பில் 700க்கும் மேற்பட்ட பாண்டாக்கள் இருக்கின்றன. காட்டில் 2015இல் வெளியான கணக்கெடுப்பின்படி 1,864. அதற்கு அடுத்த வருடம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாண்டாவை "அழியும் நிலை" என்ற படியிலிருந்து "பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது" என்ற படிக்கு இறக்கியது.

சோம்பேறி என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாண்டாவின் குடல் இறைச்சி தின்னும் கரடியின் குடல், உணவோ மூங்கில். தின்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை, அதனால்தான் நாளில் பாதிக்கு மேல் தின்றுகொண்டே இருக்கிறது. 2015இல் சீன ஆய்வாளர்கள் அதன் உடல் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று அளந்தார்கள். அந்த எடையுள்ள பாலூட்டிக்கு எதிர்பார்ப்பதில் 38 சதவீதம்தான். தைராய்டு சுரப்பும் மிகக் குறைவு, மூளை, கல்லீரல், சிறுநீரகம் போன்ற ஆற்றல் தின்னும் உறுப்புகளும் ஒப்பளவில் சிறியவை. வரவு குறைவு, அதனால் செலவையும் குறைத்துக்கொண்ட உடல் அது. இதிலும் எண்ணைச் சொல்லுங்கள்: அளக்கப்பட்டவை அடைப்பில் இருந்த ஐந்து, காட்டில் இருந்த மூன்று.

நம் மூளை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். உடல் எடையில் இரண்டு சதவீதம், ஆற்றலில் ஐந்தில் ஒன்று, சுமார் 20 வாட். இருபது வருடம் ஓடினாலும் ஏறத்தாழ 3,500 யூனிட்தான் வரும். ஜிபிடி-3 என்ற மொழி ஏஐயைப் பயிற்றுவிக்கச் சுமார் 12 லட்சத்து 87 ஆயிரம் யூனிட் ஆனதாக 2021இல் ஒரு மதிப்பீடு வந்தது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் தலைப்பு வைத்துவிடுகிறார்கள், ஆனால் மூளை பரிணாமத்தில் கோடிக்கணக்கான வருடப் பாடத்தோடு பிறக்கிறது, ஒரு முறை பயிற்றுவித்த ஏஐயைப் பல லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். ஒப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை, எதை எதோடு என்று சொல்லிவிட்டு ஒப்பிடுங்கள்.

"பாண்டாவுக்கு ஜெட்லாக்" என்ற செய்தி நினைவிருக்கும். 2023இல் வந்தது. ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் காண்டியா குழு ஆறு பூங்காக்களில் இருந்த 11 பாண்டாக்களை ஒரு வருடம் கேமராக்கள் வழியாகக் கவனித்தது. காட்டுப் பாண்டாக்களின் இயல்பான அட்சரேகைக்கு வெளியே வளர்ந்தவை அவ்வளவாக நடமாடவில்லை. பகல் எவ்வளவு நீளம், வெப்பம் எவ்வளவு மாறுகிறது என்பது அவற்றின் உயிர்க்கடிகாரத்தோடு பொருந்தவில்லை என்பதுதான் விஷயம். ஜெட்லாக் என்றால் நமக்குத் தெரிந்தது கிழக்கு மேற்காகப் பறந்து, நேரம் மாறி, சில நாளில் சரியாகிவிடுகிற ஒன்று. இது வடக்கு தெற்குச் சங்கதி, நாள் போகப் போகச் சரியாகும் என்று சொல்ல முடியாதது, அந்த விலங்கு அங்கே இருக்கும்வரை தொடரக்கூடியது. தலைப்பில் வைத்த சொல் விஷயத்தின் கனத்தையே குறைத்துவிட்டது. அடைபட்ட வாழ்க்கையில் பராமரிப்பாளர் வரும் நேரமும் ஒரு கடிகாரமாகிவிடுகிறது என்று அதே ஆய்வு சொல்வதை எத்தனை செய்தியில் படித்தோம்?

பாண்டாவின் முகத்தைப் பார்த்து இது இன்ன பாண்டா என்று சொல்லும் ஏஐ பற்றியும் எழுதினீர்கள். நல்ல வேலைதான், காட்டில் பாண்டாக்களைப் பிடிக்காமலே எண்ண உதவும். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் அது 96 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது. படித்தது 218 பாண்டாக்களின் 6,441 படங்களில், பாண்டாக்கள் எல்லாம் மனிதப் பராமரிப்பில் இருந்தவை. மையத்தில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த முகம் வேறு, மழையில் நனைந்து மூங்கில் புதருக்குள் பாதி மறைந்த முகம் வேறு. அந்த 96ஐக் காட்டுக்குச் சொந்தமாக்கி எழுதினால் அந்த ஆய்வாளர்கள் சொல்லாததைச் சொன்னதாக ஆகும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்கிறேன். பாண்டாவைக் கூண்டில் வைத்துப் பார்த்தோம். மூளையை ஒரு குழாய்க்குள், தலை அசையாமல் படுக்கவைத்துப் பார்த்தோம். ஏஐயை ஒரு கேள்வித்தாளுக்குள் வைத்துப் பார்த்தோம். மூன்றையும் அப்படித்தான் முதலில் பார்க்க முடியும், வேறு வழியில்லை. ஆனால் அங்கே பார்த்ததை எழுதும்போது கூண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். 2020 ஏப்ரலில் ஹாங்காங் ஓஷன் பார்க்கில் யிங் யிங், லே லே என்ற இரண்டு பாண்டாக்கள் பத்து வருட முயற்சிக்குப்பின் சேர்ந்தன என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. தொற்றுக் காலத்தில் பூங்கா மூடியிருந்தது, பார்வையாளர்கள் இல்லாததால்தான் என்று எல்லாரும் முடிவு கட்டினோம், நானும்தான். அந்த வருடம் குட்டி பிறக்கவில்லை. அதை நான் மிகவும் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். 2024 ஆகஸ்டில், பூங்கா திறந்து மக்கள் வந்துபோய்க்கொண்டிருந்த காலத்தில்தான் யிங் யிங் தன் 19ஆவது வயதில் இரட்டைக் குட்டிகளைப் பெற்றது. முதல் செய்தியை எழுதியவர்களே அந்த நடுவில் நடந்ததையும் அதே அளவில் எழுத வேண்டாமா? தொடர்ந்து கவனித்து எழுதுங்கள், நாங்கள் தொடர்ந்து படிக்கிறோம்.

என் அக்கா மகளுக்கு நான் சொன்னது இது: பாண்டாவுக்கு வாழப் பிடிக்காமல் இல்லைடா, அதை வேறு எங்கேயோ வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். சி-சியின் கதையைச் சொன்னேன், இரண்டு பக்கமும் துணையை வைத்துப் பார்த்த கதையைச் சொன்னேன். பதினோரு பாண்டாக்களை ஒரு வருடம் கேமராவில் பார்த்ததைச் சொன்னபோதுதான் எழுந்து உட்கார்ந்தாள். "அந்த ஆறு பூங்காவும் எந்தெந்த ஊர்ல இருக்கு சித்தி? ராத்திரியிலயும் யாராவது முழிச்சுப் பார்த்தாங்களா?" என்று கேட்டாள். நான் முதலில் படித்த செய்தியில் இரண்டுக்குமே பதில் இல்லை.

அன்புடன்,
உங்கள் வாசகி